இரண்டு வாசல்கள்

துன்பம் வந்தவுடன் மனித மனம் "இது எப்படி வந்தது?" என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் அது கேட்பது, "இது யாரால் வந்தது?" என்றே. வீட்டில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் உடைந்தாலும் சரி, ஊரில் கொள்ளைநோய் புகுந்தாலும் சரி, விரல் நீட்டிக் காட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் பாதித் துக்கம் ஆறிப்போகிறது. முதல் கேள்வி அறிவிலிருந்து பிறக்கிறது. இரண்டாவது ஆத்திரத்திலிருந்து பிறக்கிறது. ஒன்றைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு மற்றதைக் கேட்டுவிடும்போதுதான் அநியாயங்கள் நேர்ந்துவிடுகின்றன.

2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் நகரத்தில் தலைகாட்டிய கோவிட் நோயால் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் கணக்கில் ஏறியிருக்கின்றன. கணக்கில் ஏறாதவற்றையும் சேர்த்து மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், 2020, 2021 என்ற இரண்டே ஆண்டுகளில் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் என்று கூறியது. இத்தனை பேரைக் கொண்டுபோன கிருமி எந்த வாசல் வழியாக மனிதனிடம் வந்தது? விஞ்ஞானிகள் இன்னும் ஒருமுகமாகப் பதில் சொல்லவில்லை.

ஒரு சாரார் காட்டும் வாசல், சந்தை. நோய் கண்ட முதல் மனிதர்களில் பலர் வூஹானின் ஹுவானான் சந்தையோடு தொடர்புள்ளவர்கள். சந்தைக்கே போகாத நோயாளிகளின் வீடுகளும் அதைச் சுற்றியே நெருங்கிக் கிடந்தன என்று 2022-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. உயிருள்ள மிருகங்களை விற்ற பகுதியில் எடுத்த மாதிரிகளில் கிருமியும், ரக்கூன் நாய் முதலிய பிராணிகளின் மரபணுத் தடயங்களும் சேர்ந்தே இருந்தன. வலுவான சாட்சியம்தான். ஆனால் நோய் பிடித்த மிருகம் ஒன்றுகூட அகப்படவில்லை. 2020 ஜனவரி 1-ஆம் தேதியே சந்தையை மூடிவிட்டார்கள். அந்த மிருகங்கள் பரிசோதனைக்கு வராமலே மறைந்துபோயின. சந்தையைச் சந்தேகித்ததால்தான் அதைச் சுற்றியே நோயாளிகளைத் தேடினார்கள் என்ற ஆட்சேபமும் இருக்கிறது.

மற்றொரு சாரார் காட்டும் வாசல், ஆராய்ச்சிக்கூடம். வௌவால்களின் கொரோனா கிருமிகளைச் சேகரித்து ஆராய்வதில் உலகப் பெயர் பெற்ற நிறுவனம் அதே நகரத்தில் இருக்கிறது. கோவிட் கிருமிக்கு நெருங்கிய உறவுள்ள கிருமிகள் கிடைத்ததோ 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், யுன்னான் மாகாணத்திலும் லாவோஸ் நாட்டிலும். "வௌவாலைத் தேடிப் போனவர்களே கிருமியைச் சுமந்து வந்திருக்கக் கூடாதா?" என்று இவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கோவிட் கிருமியோ அதன் நேர் மூதாதையோ நோய் பரவுமுன் அந்தக் கூடத்தில் இருந்தது என்பதற்கு வெளியான சான்று எதுவும் இல்லை. அங்கே இருந்ததில் மிக நெருங்கியது என்று தெரிய வந்த கிருமியும் 96 சதவிகிதமே ஒத்திருந்தது. மிச்சமுள்ள 4 சதவிகிதம் என்பது கிருமிகளின் வம்சாவளியில் பல பத்தாண்டுகளின் தூரம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். கூடமும் நோயும் ஒரே நகரத்தில் இருப்பது காக்கையும் பனம்பழமும் போன்ற தற்செயல்தானா, அல்லது யாராவது கல்லெறிந்தார்களா? மரத்தடிக்குப் போய்க் காம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும், தானாகப் பழுத்து உதிர்ந்ததா, அடிபட்டு முறிந்ததா என்று. இங்கே காம்பைப் பார்க்க விடவில்லை. உலக சுகாதார நிறுவனம் அமைத்த நிபுணர் குழு 2025 ஜூனில் தன் அறிக்கையை வெளியிட்டது. கிடைத்துள்ள சான்றுகளின் எடை மிருகங்களிடமிருந்து வந்த பக்கமே சாய்கிறது என்றும், ஆயினும் எந்த அனுமானத்தையும் தள்ளிவிட முடியாது என்றும் அது கூறிற்று. காரணத்தையும் கூறிற்று. ஆரம்ப நோயாளிகளின் கிருமி விவரங்களையும், சந்தையில் விற்ற மிருகங்களைப் பற்றிய தகவல்களையும், ஆராய்ச்சிக்கூடங்களின் வேலை பற்றிய குறிப்புகளையும் கேட்டும் சீன அரசு கொடுக்கவில்லை.

"தெரியவில்லை" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. தேடியும் கிடைக்காதவன் சொல்வது ஒன்று. அது அறிவின் அடக்கம். பெட்டியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டவன் சொல்வது மற்றொன்று. அது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

விஞ்ஞான உலகமும் முழுக்கக் குற்றமற்றதல்ல. 2020 பிப்ரவரியில் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் 27 விஞ்ஞானிகள், இயற்கையில் தோன்றியதல்ல என்று கூறுவதெல்லாம் சதிக்கதை என்று கண்டித்து எழுதினார்கள். சீன மக்கள்மீது வெறுப்பு மூண்டுவந்த நேரம் அது. அந்த வெறுப்பைத் தடுக்க நினைத்தவர்களின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் கையெழுத்திட்டவர்களில் ஒருவரின் அமைப்புக்கு வூஹான் கூடத்துடன் ஆராய்ச்சித் தொடர்பு இருந்தது. அந்த விவரத்தை 2021-ல்தான் பத்திரிகை தனியே வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் வேறு 18 விஞ்ஞானிகள், இரண்டு சாத்தியங்களையும் சமமாக ஆராய வேண்டும் என்று 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். கெட்டவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார்கள் என்பதற்காக அந்தக் கேள்வி கெட்டதாகிவிடுமா? நல்லவர்கள் ஒரு பதிலைச் சொன்னதற்காக அது மெய்யாகிவிடுமா?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. குற்றவாளியைக் கடைசி அத்தியாயம் வரை ஒளித்துவைத்து, பிறகு வெளிச்சத்தில் நிறுத்திவிடலாம். நிறுத்தாவிட்டால் வாசகர்கள் அவனை மன்னிக்கமாட்டார்கள். உலகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடைசி அத்தியாயம் எழுதப்படாமலே போகலாம். அதைத்தான் நம்மால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. தாங்க முடியாதபோது நாமே ஓர் அத்தியாயத்தை எழுதிச் சேர்த்துவிடுகிறோம்.

அப்படியானால், பதில் தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இதற்குக் கோவிட்டின் மூத்த உறவான சார்ஸ் நோயே பதில் சொல்கிறது. 2002-ன் இறுதியில் அது குவாங்டாங் மாகாணத்தில் தோன்றியது. மறு ஆண்டே சந்தையில் விற்ற புனுகுப் பூனைகளிடம் அந்தக் கிருமியைக் கண்டார்கள். நோய் அடங்கியது. பிறகு 2004-ல் பீஜிங்கில் அது மறுபடியும் தலைகாட்டியது. இம்முறை வந்தது ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து. ஒன்பது பேருக்கு நோய் கண்டது. இறந்தவர் அங்கே வேலை செய்த ஆராய்ச்சியாளர் ஒருவரின் தாயார். ஒரே நோய், இரண்டு ஆண்டுகளுக்குள், இரண்டு வாசல் வழியாகவும் வந்து காட்டிவிட்டது.

1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், பெரியம்மைக் கிருமியை ஆராய்ந்த கூடத்துக்கு மேல்மாடியில் வேலை பார்த்த பெண்மணி ஒருவர் அந்த நோய் கண்டு இறந்தார். கூடத்தின் தலைவராக இருந்த பேராசிரியர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கிருமி எந்த வழியாக அந்தப் பெண்மணியிடம் சென்றது என்பது இன்றும் விவாதத்துக்கு உரியதே. பல்கலைக்கழகத்தின்மீது போட்ட வழக்கிலும் 1979-ல் குற்றம் நிரூபணமாகவில்லை. 'யார்' என்ற கேள்வி ஓர் உயிரை வாங்கிக்கொண்டது. பதிலை மட்டும் தரவில்லை. ஆனால் உலகம் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பெரியம்மைக் கிருமியை வைத்திருந்த கூடங்கள் ஒவ்வொன்றாக அதை அழித்தன, அல்லது ஒப்படைத்தன. கடைசியில் அமெரிக்காவில் ஒன்றும் ரஷ்யாவில் ஒன்றுமாக இரண்டே இடங்களில் அது அடைபட்டது.

திருடன் முன்வாசலால் வந்தானா, கொல்லைப்புறமாக வந்தானா என்று தெரியாத வீட்டுக்காரன் அன்றிரவு என்ன செய்வான்? இரண்டு கதவையும் தாழிட்டுவிட்டுத்தான் படுப்பான். காட்டு மிருகங்களை உயிரோடு நெருக்கி அடைத்து விற்கும் சந்தைகளுக்கும், ஆபத்தான கிருமிகளைக் கையாளும் கூடங்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய தர்க்கம் வேண்டியதில்லை. விசாரணை நடக்கட்டும், பூட்டிய பெட்டி திறக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம். ஆனால் இரவு வந்துகொண்டிருக்கிறது. தாழ்ப்பாளைப் போடுவதற்குத் திருடனின் பெயர் தெரிய வேண்டியதில்லை.