கருவி யார் கையில்?

கைபேசி மாணவரைக் கெடுக்கிறது என்கிறார் ஒருவர். இனி அதுவே ஆசான், பள்ளிக்கூடம்கூட வேண்டியதில்லை என்கிறார் மற்றொருவர். முன்னவர் அதைப் பேயாக்குகிறார், பின்னவர் தெய்வமாக்குகிறார். பேயையும் தெய்வத்தையும் ஆராயாமல் நம்பிப் பழகிய நாட்டில், ஒரு கருவிக்கும் அதே கதிதானா? நாம் கேட்பது வேறு கேள்வி. கருவி யார் கையில் இருக்கிறது? யார் கைக்கு மறுக்கப்படுகிறது?

கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதி. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவியர் தம் கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அங்கு விதியாக இருந்தது. படிப்புக் கெடாதிருக்கவாம்! இணையத்தில் தேடிப் படிப்பவளுக்கு அந்த நான்கு மணி நேரமல்லவா படிப்பு நேரம்? பணிய மறுத்தாள் ஒரு மாணவி, விடுதியினின்று வெளியேற்றப்பட்டாள். கலங்கினாளில்லை, வழக்குத் தொடுத்தாள். 2019 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும்; அவளை மீண்டும் விடுதியில் சேர்க்க வேண்டும். பெண்ணுக்கு ஏடு எதற்கு என்று கேட்டது நேற்றைய உலகம். பெண்ணுக்கு இணையம் எதற்கு என்று கேட்பது அதன் எதிரொலி. ஏடு மாறியது; எண்ணம் மாறவில்லை!

சிறுவர்க்கு வரம்பு வேண்டாமா என்பர். வேண்டும். விளையாட்டும் வீண்பேச்சும் கைபேசியில் காத்துக் கிடப்பதை யார் மறுப்பார்? ஆயினும் வரம்பு வேறு, பூட்டு வேறு. காரணம் கூறி, காலம் குறித்து, மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல் வகுப்பது வரம்பு. அச்சத்தால் அடைத்து, அடக்கத்தின் பெயரால் பறிப்பது பூட்டு.

உரிமை இருந்தால் போதுமா? உடைமையும் வேண்டுமே! தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சாயின. கைபேசியால் படம் பிடித்தால் காணொளிப் பாடம் விரியும். நல்ல முயற்சி, வரவேற்கிறோம். ஆனால், கைபேசி இல்லாக் குடிசையில் அந்தக் கட்டம் வெறும் கறுப்பு வெள்ளைக் கோலம் அல்லவா? 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைபேசிக்குள் புகுந்தது. வீட்டுக்கொரு கைபேசி, அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். திரும்பி வந்தால் முதலில் யாருக்கு? அண்ணனுக்கா, அடுப்படியில் நிற்கும் தங்கைக்கா? ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. ஆனால், தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்க முடியுமா?

கருவி கிட்டியவர்க்கும் ஒரு சொல். திரையில் வந்ததைத் தாளில் இறக்கி வைப்பது கல்வியாகாது. அது மனப்பாடத்தின் மறுபிறப்பு. ஏட்டில் இருக்கிறது, ஆகவே உண்மை என்றவரை எள்ளி நகையாடிய நாம், இணையத்தில் இருக்கிறது, ஆகவே உண்மை என்று கூறலாமா? சொன்னவர் யார்? சான்று என்ன? மறுப்போர் கூறுவது யாது? இம்மூன்றையும் கேட்கப் பழக்குவதே இன்றைய ஆசிரியர் கடன். அதைக் கேட்கத் தெரிந்த மாணவனுக்குக் கைபேசி நூலகம். தெரியாதவனுக்கு அது இன்னொரு பூசாரி.

தோழர்களே! உங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணின் கையில் கருவி இல்லை என்று பாருங்கள். படிப்பகத்தில் ஒரு கைபேசியை, ஒரு மணி நேரத்தை அவளுக்கென ஒதுக்குங்கள். பூட்டைப் பழிப்பது பேச்சு, திறப்பதே தொண்டு!