நட்சத்திரத்தைத் துருவுவது வீண் ஆவலா?



உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன், “அந்திம காலத்திலிருக்கும் பெரிய நட்சத்திரங்களிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பற்றிப் படிக்கப்போகிறேன்” என்று வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? அப்பா, “அது சோறு போடுமா?” என்பார். பக்தியுள்ள பாட்டியோ, “சர்வேசுரன் மறைத்து வைத்ததை மனுஷன் துருவலாமா?” என்பாள். பாட்டியின் பேச்சைச் சுலபமாய்த் தள்ளிவிட முடியாது. வெறுமே அறிவதற்காகவே அறியத் துடிக்கும் ஆசையை அர்ச். அகுஸ்தீனாரே ஒரு சோதனையாக எண்ணினார். நட்சத்திரங்களின் போக்கை அறியும் கவலை தமக்கில்லை என்றும் எழுதினார்.

முதலில் அந்த வேலை இன்னதென்று பார்ப்போம். தென் வானத்தில் ஈட்டா காரினே என்றொரு நட்சத்திரம் உண்டு. நமக்கும் அதற்கும் சுமார் 7,500 ஒளியாண்டுத் தூரம். உண்மையில் அது ஒன்றல்ல, ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு. பெரியது நம் சூரியனைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு எடையுள்ளது. ஆடம்பரக்காரன் கையில் சொத்து கரைவதுபோல, இவ்வளவு பெரிய நட்சத்திரம் தன்னிடமுள்ளதை வெகு சீக்கிரம் எரித்துத் தீர்த்துவிடும். சூரியனுக்கு ஆயுசு சுமார் 1,000 கோடி ஆண்டு. இதற்கோ சில பத்து லட்சம் ஆண்டுதான். அதிலும் பெரும்பகுதி போய்விட்டது. 1843-ல் இது பொங்கி எழுந்து, வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாய்ச் சில காலம் நின்று, பிறகு மங்கிற்று.

இவ்விரண்டிலிருந்தும் வாயு காற்றுப்போல் வீசிக்கொண்டிருக்கிறது. சிறியதன் காற்றுக்கு வினாடிக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர் வேகம். இரு காற்றும் மோதுமிடத்தில் சூடு கோடிக்கணக்கான டிகிரிக்கு ஏறி, எக்ஸ் கதிர் பிறக்கிறது. ஆஸ்பத்திரியில் நம் எலும்பைப் படம் பிடிக்கும் அதே வகைக் கதிர்தான். பூமியின் காற்றுமண்டலம் அதைத் தடுத்துவிடுவதால் செயற்கைக்கோள்கள் மேலே போய்ப் பார்க்கின்றன. 1999-ல் ஏவப்பட்ட ஒன்றுக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் நினைவாகச் ‘சந்திரா’ என்று பெயர். ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை இரு நட்சத்திரங்களும் நெருங்கும்போது இக்கதிர் மங்கி, பிறகு மீளும். 1998-லும் 2003-லும் நடந்ததை வைத்துக் கணக்குப் போட்டுக் காத்திருந்தார்கள். 2009-ல் ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே மீண்டுவிட்டது!

இங்கேதான் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் நமக்கு உதவுகிறார். போசனத்தில் மட்டசனம் வேண்டியிருப்பதுபோல அறிவுப் பசிக்கும் ஒரு மட்டு வேண்டும் என்பது அவர் போதகம். மட்டோடு கற்பது புண்ணியம். மட்டுமீறித் துருவுவது துர்க்குணம். மட்டு எப்போது மீறுகிறது? பொருள் தூரத்தில் இருப்பதாலல்ல. அறிந்ததைக் கொண்டு பெருமையடிக்கும்போது, கடமையை விட்டுவிட்டு அறிய ஓடும்போது, சிருஷ்டியைப் பார்த்துச் சிருஷ்டிகரை மறக்கும்போது. அயலானை இகழ்வதற்காக அவன் காரியங்களை எட்டிப் பார்ப்பதையும் அவர் இதே கணக்கில்தான் சேர்க்கிறார். ஆகையால், பூசை முடிந்ததும் கோவில் வாசலில், “அந்த வீட்டில் என்ன நடக்கிறதாம்?” என்று விசாரிக்கும் நாம், நட்சத்திர ஆராய்ச்சியை வீண் ஆவலென்று கண்டிக்க அவசரப்பட வேண்டாம். துருவினால் நட்சத்திரத்தின் மானம் போவதில்லை. கணக்குப் பொய்த்தபோது கணக்கைத்தான் திருத்தினார்கள். தாழ்ச்சி பழக அதுவும் ஒரு பள்ளிக்கூடம்.

அப்பாவின் கேள்வி இன்னும் கடினம். பசித்தவன் வாசலில் நிற்கையில் செயற்கைக்கோளுக்குப் பணமா? 1895-ல் ராண்ட்ஜன் இக்கதிரைக் கண்டது ஆஸ்பத்திரிக்காகத் தேடியல்ல, ஆனாலும் எத்தனை உயிர் பிழைத்தது என்று பதில் சொல்வார்கள். உண்மைதான். என்றாலும் அந்தச் சாட்சியைக் கொண்டு வழக்கை ஜெயிக்க எனக்கு மனமில்லை. பிரயோசனம் ஒன்றே அளவுகோலானால் பீடத்துப் பூவையும் எடுத்துவிட வேண்டியதுதான். ஏழையின் பங்கை எடுத்துப் பூ வாங்குவது பாவம். ஆனால் ஏழைக்கும் கொடாமல், பூவும் வாங்காமல், பணத்தை முடிந்து வைத்திருப்பவன் “பூ எதற்கு?” என்று கேட்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஈட்டா காரினே என்றைக்கு வெடித்துச் சாகுமோ, எவருக்கும் தெரியாது. நாளைக்கும் ஆகலாம், ஆயிரமாயிரம் ஆண்டும் ஆகலாம். 1837 டிசம்பரில் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஜான் ஹெர்ஷல் அதன் ஒளி திடீரென்று கூடியதைக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு இன்றும் உதவுகிறது. இப்போது காவலிருப்பவர்களும், முடிவைக் காணாமலே போகக்கூடும் என்று தெரிந்தே, தேதி போட்டு எழுதிவைக்கிறார்கள்.