விமானச் சூதும் ஊழும்

மனிதன் அடையும் பேறுக்கும் இழப்புக்கும் அவன் முயற்சி எவ்வளவு காரணம், முயற்சிக்கு எட்டாத ஒன்று எவ்வளவு காரணம் என்னும் கேள்வி தமிழ்ச் சிந்தனை மரபில் மிகப் பழையது. அறத்துப்பாலை ஊழ் என்னும் 38ஆம் அதிகாரத்தோடு நிறைவு செய்யும் திருக்குறள், பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரத்தை வைத்து, ஊழைவிட வலியது எதுவுமில்லை என்பதையும் தளராமல் முயல்பவர் அந்த ஊழையே வென்றுவிடக்கூடும் என்பதையும் ஒரே நூலுக்குள் நிற்கவிட்டிருக்கிறது. உரைகாரர்கள் இவ்விரண்டையும் இணக்கப் பலவாறு முயன்றுள்ளனர். அதே கேள்வி இன்று ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த சூளகிரி போன்ற ஊர்களில், சிப்காட் ஆலைகளில் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞர்களின் கைபேசித் திரையில், இணையச் சூதாட்டம் ஒன்றின் வடிவில் வந்து நிற்கிறது. இந்த ஆட்டம் திறமையால் வெல்லக்கூடியது என்று விளம்பரம் சொல்கிறது. ஆடுபவரில் பலரும் அதையே நம்புகின்றனர். இந்த நம்பிக்கை உண்மையா என்பது கணக்கால் தீர்ந்துவிடும். தோற்றவரை அது என்ன செய்கிறது என்பதோ கணக்கைத் தாண்டிய கேள்வி.

‘க்ராஷ்’ வகை ஆட்டம் எனப்படும் இது, பிட்காயினில் பணயம் வைக்கும் தளங்களில் 2014 அளவில் தோன்றி, ஸ்ப்ரைப் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘ஏவியேட்டர்’ வழியாக உலகெங்கும் பரவியது. கறுப்புத் திரையில் சிவப்பு விமானம் ஒன்று இடமிருந்து வலமாக ஏற, அதனோடு 1.00 என்று தொடங்கும் எண்ணும் ஏறிக்கொண்டே போகும். விமானம் திடீரென மறைவதற்குள் பொத்தானை அழுத்திப் பணத்தை வெளியே எடுத்தவருக்கு, வைத்த தொகை அந்நேரத்து எண்ணால் பெருக்கப்பட்டுக் கிடைக்கும். எடுக்காதவருக்கு வைத்ததும் போய்விடும். திரையின் மேல்வரிசையில் முந்தைய சுற்றுகளின் எண்கள், இரண்டுக்குக் கீழ்ப்பட்டவை நீலமாகவும், இரண்டு முதல் பத்துவரை ஊதாவாகவும், பத்துக்கு மேற்பட்டவை இளஞ்சிவப்பாகவும் அடுக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில், அதே சுற்றில் ஆடும் பிறர் எந்த எண்ணில் எவ்வளவு எடுத்தனர் என்ற பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்று சில நொடிகளில் முடிந்து அடுத்தது தொடங்கிவிடுவதால், நின்று யோசிக்க இடைவெளி ஏறக்குறைய இல்லை.

விமானம் எந்த எண்ணில் மறையும் என்பது அது கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதை ஆடுபவரில் பலர் அறிவதில்லை. நடத்துவோரின் கணினி முன்கூட்டி உருவாக்கி மறைத்துவைத்த ஒரு குறியீட்டுச் சரமும், அச்சுற்றில் முதலில் பணயம் வைத்த மூவரின் கருவிகள் தரும் சரங்களும் சேர்ந்து ஒரே கணக்கீட்டில் அந்த எண்ணைத் தந்துவிடுகின்றன. இடையில் எவரும் மாற்றவில்லை என்பதைச் சுற்று முடிந்தபின் சரிபார்க்கவும் வழி உண்டு. ஆகவே விமானம் பறப்பதுபோல் தோன்றுவது நிகழ்ச்சியன்று, முன்பே முடிந்துவிட்ட ஒன்றை மெல்லத் திறந்துகாட்டும் காட்சி மட்டுமே. ஆட்டக்காரருக்குத் திருப்பித் தரப்படும் பங்கு நூற்றுக்கு 97 என்று நிறுவனமே அறிவித்திருப்பதால், கணக்கு எளிது. எண் இரண்டைத் தொடும் வாய்ப்பு நூற்றுக்கு 48.5, பத்தைத் தொடும் வாய்ப்பு 9.7. நூறு ரூபாய் வைத்து எப்போதும் இரண்டில் எடுப்பவரும், எப்போதும் பத்தில் எடுப்பவரும், ஒவ்வொரு சுற்றிலும் மனம்போன எண்ணில் எடுப்பவரும் நீண்ட ஓட்டத்தில் சராசரியாக 97 ரூபாயையே திரும்பப் பெறுவர். பொத்தானை அழுத்தும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆடுபவருக்கு உண்மையாகவே உண்டு. அந்த உரிமையால் ஏற்ற இறக்கம் மாறும், சராசரி இழப்பு மாறாது. அந்த உரிமைக்குத் தெரிவு என்று பெயர் சொல்லலாம். திறமை என்று சொல்வதற்கு, பயிற்சியால் பலன் கூடவேண்டும். ஆயிரம் சுற்று ஆடியவருக்கு முதல் சுற்று ஆடுபவரைவிட மேலான நிலை வாய்க்கவேண்டும். இங்கே அது வாய்ப்பதில்லை.

ஆயினும் ஆடுபவரின் கருத்துகளை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அவற்றுள் சில, தத்துவ மரபுகள் பெருமுயற்சியோடு வகுத்த நிலைப்பாடுகளுக்கு மிக அருகில் நிற்கின்றன. ‘நீலமாவே வந்துட்டிருக்கு, இனி பிங்க் வந்தே ஆகணும்’ என்று மேல்வரிசையைப் பார்த்துச் சொல்பவர், உலகில் ஏதோ ஒரு சமநீதி இயங்குகிறது, இழந்தவருக்கு அது ஈடுசெய்யும் என்று நம்புகிறார். வினைக்கொள்கையின் அடியில் இருப்பதும் இத்தகைய நம்பிக்கைதான்; ஆனால் முந்தைய சுற்றின் நினைவு எதுவும் இல்லாத கணக்கீட்டில் அதற்கு இடமில்லை. தோற்கத் தோற்கப் பணயத்தை இரட்டிப்பாக்கினால் ஒருமுறை வென்றாலே எல்லாம் மீண்டுவிடும் என்பவர் எண்ணிக்கையை நம்புகிறார். இரண்டில் எடுக்கும் இம்முறையில் தொடர்ந்து பத்து சுற்று தோற்பது ஏறத்தாழ 760இல் ஒருமுறை நேரும். பத்து ரூபாயில் தொடங்கியவர் அப்போது 10,230 ரூபாயை இழந்து, மீட்பதற்கு மேலும் 10,240 ரூபாய் வைக்கவேண்டிய இடத்தில் நிற்பார். எல்லாம் ஏமாற்று என்று கோபப்படுபவரும் உண்டு. விதிகளின்படி நேர்மையாக நடந்தாலே இழப்பு உறுதி என்பதால், ஏமாற்று இன்றியே அவர் தோற்றிருக்கக்கூடும் என்பதை அவருக்கு விளக்குவது எளிதன்று. அடுத்த சுற்றின் எண்ணை முன்னறிந்து சொல்வதாகக் கூறி டெலிகிராமில் பணம் பறிப்பவர்கள் தழைப்பது இந்த எல்லாக் கருத்துகளின் நடுவிலும்தான்.

எப்போது நிறுத்துவது என்பதை அறிவதே திறமை என்று தேர்ந்த ஆட்டக்காரர் சொல்வது இவற்றுள் மிகவும் மதிக்கத்தக்க கருத்து. அது உண்மையும்கூட. ஆனால் அந்தத் திறமை ஆட்டத்திற்குள் செயல்படுவதன்று. ஆட்டத்தை விட்டு வெளியேறும் ஆற்றல் அது. அதைச் சிதைப்பதற்கென்றே சுற்றுகளின் வேகமும் பிறர் வென்ற பட்டியலும் அமைக்கப்பட்டுள்ளன.

சூதில் திறமை உண்டு என்னும் கொள்கைக்கு இந்திய மரபில் வலுவான சான்று நளன் கதை. கலியால் பீடிக்கப்பட்டு நாட்டை இழந்த நளன், இருதுபர்ணனுக்குத் தேரோட்டியாக இருக்கையில், தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்தவுடன் எண்ணிச் சொல்லும் அம்மன்னனின் ஆற்றலைக் கண்டு, குதிரை நூலறிவைக் கொடுத்துச் சூதின் உள்ளறிவைப் பெற்றுக்கொள்கிறான். பின்னர் அதைக்கொண்டே, நாட்டைக் கவர்ந்த புட்கரனை வெல்கிறான். மகாபாரதத்தில் இக்கதையைத் தருமனுக்குச் சொல்லும் பிருகதசுவ முனிவர் இறுதியில் அவ்வறிவை அவனுக்கும் அளிக்கிறார். பழைய சூது தான்றிக்காய்களைக் கொண்டு ஆடப்பட்டதாகவும், காய்களின் எண்ணிக்கையே வெற்றியை முடிவுசெய்ததாகவும் ஆய்வாளர் கருதுவதால், விரைந்து எண்ணும் ஆற்றலுக்கு அங்கே உண்மையான பயன் இருந்தது. கண்ணெதிரே கிடப்பதைப் பிறரைவிட நன்றாகக் காண்பது நளன் கற்றது. விமான ஆட்டத்திலோ எண் முன்பே இருக்கிறது, ஆனால் எவராலும் காணமுடியாதவாறு பூட்டப்பட்டிருக்கிறது. இருதுபர்ணனே வந்தாலும் எண்ணுவதற்கு அங்கே காய் ஒன்றும் கிடையாது.

முன்பே முடிவான ஒன்று காலத்தில் விரிந்து தெரிகிறது என்னும் இந்த அமைப்பு ஆசீவகரின் நியதிக் கொள்கையை நினைவூட்டுகிறது. எல்லா உயிரும் குறிக்கப்பட்ட நிகழ்வுகளைக் கடந்தே தீரவேண்டும், முயற்சியால் எதையும் மாற்றவோ சுருக்கவோ இயலாது என்று கற்பித்த மற்கலி கோசாலர், உருட்டிவிட்ட நூல்கண்டு தன் நீளம் உள்ளவரை விரிந்து ஓய்வதை அதற்கு உவமையாகச் சொன்னதாகப் பௌத்த நூல்கள் குறிக்கின்றன. மணிமேகலையும் நீலகேசியும் இக்கொள்கையை எடுத்துரைத்து மறுத்துள்ளன. கிருஷ்ணகிரி மாவட்டத்தை அடுத்த கோலார்ப் பகுதியின் இடைக்காலக் கல்வெட்டுகளில் ஆசீவகர்மீது விதித்த வரி குறிப்பிடப்படுவதை ஏ. எல். பாஷம் 1951இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டியிருப்பதால், இந்த எல்லை மண்ணுக்கு நியதிவாதம் வேற்றூர்ச் சரக்கன்று. அதை மறுத்தவர்களின் முதன்மையான வாதம், முயற்சிக்குப் பயனில்லை எனில் அறத்துக்கும் பொறுப்புக்கும் பொருளில்லாமல் போய்விடும் என்பது. வாழ்க்கை முழுவதையும் நோக்க, அவ்வாதம் வலிமையுடையது. ஆனால் நியதி மெய்யாகவே ஆளும் சிறிய உலகம் ஒன்றை மனிதர் செய்து, அதற்குள் புகுபவரிடம் உன் முயற்சியே பயனைத் தரும் என்று சொன்னால், அங்கே பொறுப்பு என்னும் சொல் எங்கே போய் விழும் என்பதை அம்மறுப்பாளர் எவரும் எண்ணிப்பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

இவ்விடத்தில், வாழ்க்கையே சூதுதான், உழவன் ஆடுவது சூதில்லையா என்னும் மறுப்பு எழக்கூடும். சூளகிரிப் பகுதியில் அது வெறும் வாய்ப்பேச்சன்று. இங்கே கொத்தமல்லித்தழை பெரும் பயிர். விதைத்து ஆறேழு வாரத்தில் அறுத்துக் கட்டாகக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகும் வரை விலை தெரியாது. நல்ல விலை கிடைத்த பருவத்தை அடுத்து, அறுப்புக்கூலிக்கும் கட்டாமல் வயலிலேயே விட்டு உழுதுவிடும் பருவமும் வருவதுண்டு. தக்காளியின் கதையும் இதுவே. உழவரின் கையில் இல்லாதவை மிகுதி என்பது மெய்தான். எனினும் விலை வீழ்ந்த ஆண்டிலும் விளைந்தது விளைந்ததுதான், யாரோ ஒருவர் அதை உண்கிறார். மண்ணையும் பருவத்தையும் அறிந்த உழவர் அறியாதவரைவிட நன்றாக விளைவிக்கிறார். ஒருவர் பெறுவதற்கு மற்றவர் இழந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. சூதாடியின் புலம்பலாக அமைந்த ரிக்வேதப் பத்தாம் மண்டலத்து 34ஆம் சூக்தம், மனைவியும் சுற்றமும் கைவிட்ட அவனுக்கு இறுதியில் தரும் அறிவுரை, காயை விட்டு நிலத்தை உழு என்பது. நிச்சயமின்மை இரண்டிலும் உண்டு என்பதை அறிந்தே அப்பழம்பாடல் இரண்டையும் வேறுபடுத்தியது.

சமய நூல்களும் அறநூல்களும் சூதை விலக்கியபோது அதில் திறமை உண்டா இல்லையா என்று கேட்கவில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது. சகுனி தேர்ந்த ஆட்டக்காரன்; அது அவன் குற்றத்தைக் குறைக்கவில்லை. திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய சூது, தோல்வியைப் பற்றி எச்சரிப்பதற்கு முன்பே வெற்றியையும் விரும்பாதே என்று தொடங்கி, அவ்வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறது. குர்ஆன் சூதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்பதை மறுக்காமலேயே, அதன் தீங்கு பயனைவிடப் பெரிது என்று கூறி விலக்குகிறது.

இந்தியச் சட்டமோ நெடுங்காலம் திறமை என்னும் ஒரே தூணில் நின்றது. போட்டிகளைப் பற்றி 1957இலும், ரம்மியைப் பற்றி 1968இலும், குதிரைப் பந்தயத்தைப் பற்றி 1996இலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள், திறமை மேலோங்கும் ஆட்டம் சூதாகாது என்னும் அளவுகோலை நிலைநிறுத்தின. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையை அடுத்து 2022இல் இயற்றப்பட்டு, ஆளுநர் திருப்பியனுப்பியபின் 2023இல் மீண்டும் நிறைவேறி நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அப்பட்டியலை நீக்கி, உண்மையான வாய்ப்பு ஆட்டங்களுக்கான தடையை நிலைக்கவிட்டது. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம்; அங்கே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2021இல் கொண்டுவந்த திருத்தத்தை அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் செல்லாதென்றது. இந்தப் பின்னணியில், திறமை என்னும் அடைமொழி ஒரு விளம்பரச் சொல்லாக மட்டும் இல்லாமல், சட்டத்தின் பிடியிலிருந்து தப்புவதற்கான கவசமாகவும் பயன்பட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறமையா வாய்ப்பா என்று பிரிக்காமல், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடைசெய்து அக்கவசத்தை விலக்கியது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களை இச்சட்டம் எந்த அளவு கட்டுப்படுத்தும் என்பது வேறு செய்தி.

சட்டம் விட்டுவிட்ட சொல்லை வீடுகள் இன்னும் விடவில்லை என்பதே கவலைக்குரியது. லாட்டரிச் சீட்டு வாங்கி இழந்தவரை ஊர் அதிர்ஷ்டமில்லாதவர் என்றது. அச்சொல்லில் ஓர் இரக்கம் இருந்தது, இழப்பின் ஒரு பகுதியை அது ஆளின் தோளிலிருந்து இறக்கி ஊழின்மேல் வைத்தது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடைசெய்யும் வரை நாடறிந்த அந்தத் துயரத்திலும், தோற்றவரை எவரும் திறமையற்றவர் என்று ஏசியதில்லை. விமான ஆட்டத்தில் இழந்தவரோ ‘ஒரு செகண்டு முன்னாடி எடுத்திருந்தா’ என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். அந்த ஒரு நொடி எங்கே இருந்தது என்பதை அறியும் வழி அவருக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. ஆயினும் பொத்தான் தன் விரலடியில் இருந்தது என்னும் நினைவே அவரைக் கடன் வாங்கிவந்து மீண்டும் உட்கார வைக்கிறது, தன்னைச் சரிசெய்துகொண்டால் போதும் என்று நம்பவைக்கிறது. பேராசைப்பட்டான், புத்தியில்லை என்று வீட்டார் சேர்ந்து சொல்லும்போது அந்தக் குற்றவுணர்வு உறுதிப்படுகிறது. கடனை மறைக்கவும், உதவி கேட்க நாணவும், சில இடங்களில் உயிரையே விடவும் துணிவதற்கு, பண இழப்போடு இந்தத் தவறான பொறுப்புச் சுமையும் காரணமாகிறது என்றே கொள்ளவேண்டும்.

ஆடத் தொடங்கியதற்கு ஆடியவர் பொறுப்பு. அதை ஊழின்மேல் போட இயலாது, போடவும் கூடாது. எந்த எண்ணில் விமானம் மறைந்தது என்பதற்கு அவர் பொறுப்பல்லர். இவ்விரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படும் இடத்தில்தான் அநீதி பிறக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் இணையச் சூதாடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. 2025ஆம் ஆண்டு மையச் சட்டம் நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறையும் ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்து, ஆடுபவரைத் தண்டிக்காமல் பாதிக்கப்பட்டவராகக் கருதுகிறது. பொறுப்பை எங்கே வைப்பது என்னும் ஒரே கேள்விக்கு இரு சட்டங்கள் தரும் விடைகளுள், எண்ணைப் பூட்டிவைத்தவரையும் அதை அறிய வழியே இல்லாதவரையும் வேறுபடுத்துவதில் இரண்டாவது விடை நியாயத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆடியவரைக் காவல் நிலையத்துக்கு அனுப்பும் முதல் சட்டத்தின் அப்பிரிவைத் தமிழ்நாடு மறுபார்வை செய்யவேண்டும்.