அசனமும் திருவிருந்தும்



தபசு காலம் தொடங்கினாலும், அறுப்பின் பண்டிகை வந்தாலும், டிசம்பர் 31ஆம் தேதி இரவு நெருங்கினாலும், நம் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்புகிறது: "சாமி, அவங்க கோவில் ஆராதனைக்குக் கூப்பிட்டிருக்காங்க, போகலாமா?" அழைப்பவர்கள் அந்நியர் அல்லர். ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். தீப்பெட்டி ஆபீசிலும், பட்டாசு ஆலையிலும், அச்சாபீசிலும் நமக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்கிறவர்கள். கலியாணத்தால் நமக்குச் சம்பந்தி ஆனவர்களும் உண்டு. நின்ற நாராயணப் பெருமாள் கோவில் கொண்ட இந்தத் திருத்தங்கலில் அவர்களும் சிலரே, நாமும் சிலரே. மற்றவர்கள் பார்வையில் இரு சாராரும் வேதக்காரர்தாம்.

இந்த அயலார் யார்? சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில், இங்கிலாந்திலிருந்து ராக்லாந்து என்னும் போதகர் வந்தார். கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் தமக்கிருந்த உயர்ந்த ஸ்தானத்தை விட்டு வந்து, இந்த வறண்ட சீமையில் கூடாரம் அடித்துத் தங்கி, கிராமம் கிராமமாய்ப் போதித்து, 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியிலேயே உயிர்விட்டார். சிவகாசிக்கு அடுத்த சாட்சியாபுரம் அந்த ஊழியத்தின் வழியாய் வளர்ந்த ஊர். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் சென்னையில் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. நம் அயலார் அந்தச் சபையின் பிள்ளைகள்.

பழங்காலத்தில் நமக்கும் புரொட்டஸ்டாண்ட் சபையாருக்கும் இருந்த உறவு வாதமும் எதிர்வாதமுமாகவே இருந்தது. தரங்கம்பாடி லூத்தரன் போதகர்களை மறுத்து வீரமாமுனிவர் 1728ல் "வேத விளக்கம்" எழுதினார். நாம் சர்வேசுரன் என்றோம். அவர்கள் பராபரன் என்றார்கள். நாம் பூசை என்றோம். அவர்கள் ஆராதனை என்றார்கள். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், அவர்களுடைய வழிபாட்டில் நாம் பங்குபெறுவதைத் தடை செய்தது. கலியாணம், அடக்கம் போன்ற காரியங்களில், தக்க காரணம் இருந்தால், மரியாதைக்காகப் போய் நிற்பதை மட்டும் பொறுத்துக்கொண்டது. அந்த நாளின் பெரியவர்கள் கடின இருதயத்தால் அப்படிச் செய்யவில்லை. விசுவாசம் விலைபோகக்கூடாது என்று காவல் காத்தார்கள். பின்பு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964 நவம்பர் 21ஆம் தேதி வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டில், மெய்யான ஞானஸ்நானம் பெற்ற அவர்களைச் சகோதரர் என்று அழைத்து, தகுந்த வேளைகளில் அவர்களோடு சேர்ந்து ஜெபிப்பதை விரும்பத்தக்கது என்றே சொல்லிற்று.

அவர்களுடைய ஆலயத்தில் நடப்பது நமக்கு முற்றிலும் அந்நியமானதுமல்ல. பெரிய வெள்ளியன்று மத்தியானம் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வாக்கியங்களைத் தியானிக்கிறார்களே, அந்த மும்மணி வழக்கத்தைப் பரப்பியவர் அலோன்சோ மெசியா என்னும் சேசுசபைக் குரு. இடம் பெரு நாட்டின் லீமா நகரம். காலம் 17ஆம் நூற்றாண்டின் கடைசி. அங்கே பிறந்த பக்தியை ஆங்கிலிக்கன் சபையார் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டார்கள். நம் பீடத்தருகே திருவருகைக் காலத்தில் மெழுகுதிரிகள் ஏற்றுகிறோமே, அந்த வளையம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் ஹாம்புர்க் நகரத்தில் ஏழைச் சிறுவருக்கு இல்லம் நடத்திய விக்கர்ன் என்னும் லூத்தரன் போதகர் 1839ல் தொடங்கிய வழக்கம் அது. நம்முடையது அவர்கள் வீட்டில் இருக்கிறது; அவர்களுடையது நம் வீட்டில் இருக்கிறது. பங்காளிகள் பிரிந்தபிறகும் பாட்டி வீட்டுப் பாத்திரங்கள் இரண்டு அடுப்பங்கரையிலும் கிடப்பதில்லையா?

அப்படியானால், "எல்லாம் ஒன்றுதான், எங்கே போனால் என்ன?" என்று சொல்லிவிடலாமா? கூடாது. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

பொய் சொல்லாதே என்பது நம் கணக்கில் எட்டாம் கற்பனை. அவர்கள் கணக்கில் அதுவே ஒன்பதாவது. எண் வேறானாலும் கற்பனை ஒன்றே. இந்தக் கற்பனையை நாவினால் மட்டும் மீறுகிறோம் என்று நினைக்கிறோம். உடலாலும் பொய் சொல்லலாம். யூதாஸ் ஒரு வார்த்தையும் பேசாதிருந்தாலும், அவனுடைய முத்தமே பொய்யாயிருந்திருக்கும். நாம் செய்கிற செய்கையும் ஒரு பேச்சு. ஆகையால், அயல் ஆலயத்தில் நம்முடைய செய்கை என்ன சொல்லுகிறது என்பதே கேள்வி.

அறுப்பின் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்கனியும், சேவலும், ஆட்டுக்குட்டியும் காணிக்கையாய் வருகின்றன, ஏலம் போகின்றன. அசனப் பந்தியில் எல்லோரும் வரிசையாய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இன்னொரு வேளையில் அதே ஆலயத்தில் திருவிருந்தும் பரிமாறப்படுகிறது. அசனத்திற்கு அழைத்தவனிடம், "உங்கள் சோறு எங்களுக்கு ஆகாது" என்று முகத்தைத் திருப்பினால், "நீ என் சகோதரன் அல்ல" என்று சொல்லுகிறோம். அது பொய்; ஒரே ஞானஸ்நானம் நம்மைச் சகோதரராக்கியிருக்கிறது. திருவிருந்துக்கு எழும்பிப் போய்க் கைநீட்டினால், "குருத்துவத்திலும் திவ்விய நற்கருணையிலும் நமக்குள் ஒரே விசுவாசம், பிரிவினை தீர்ந்துவிட்டது" என்று சொல்லுகிறோம். அதுவும் பொய், பிரிவினை இன்னும் தீரவில்லை. முதலாவது அன்பைக் கெடுக்கும் பொய். இரண்டாவது அன்பின் வேஷத்தில் வருகிற பொய். இரண்டையும் விலக்க வேண்டும்.

"கலியாண வீட்டில் இலையை வேண்டாமென்று சொல்லுவது அவமரியாதை அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர் வழக்கம் அறிந்தவர்களுக்கு இது சிறிய சங்கடமல்ல. குருவானவர் அன்போடு அழைக்கையில், உட்கார்ந்தே இருப்பது கடினந்தான். அந்தக் குடும்பத்தில் மருமகளாய்ப் போன நம் பெண்பிள்ளைக்கு இன்னும் கடினம். ஆனால் மரியாதைக்காகச் சத்தியப்பிரமாணம் செய்பவர் உண்டா? நற்கருணை வாங்குவது ஒரு பிரமாணம். அதை உபசாரமாக்கினால், நம் விசுவாசத்தை மட்டுமல்ல, அவர்களுடைய விசுவாசத்தையும் இலேசாக மதிக்கிறோம். தன் சபையை நேசிக்கிற எந்தக் கிறிஸ்தவனும் இதைப் புரிந்துகொள்ளுவான்.

"பிள்ளைகள் வழிதவறிப் போவார்களே" என்று பயப்படுகிற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பக்கத்து ஆலயத்தில் ஒரு நாள் கீர்த்தனை பாடுவதால் பிள்ளை வழிதவறுவதில்லை. வீட்டில் ஜெபமாலை இல்லாமல், ஞானோபதேசம் இல்லாமல், காரணம் அறியாமல் வளருகிற பிள்ளையே தவறிப்போகும். "அம்மா, நீங்க ஏன் எழும்பிப் போகல?" என்று கேட்டால், "அவங்க கெட்டவங்க" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். "நாம இன்னும் ஒண்ணாகல கண்ணு, ஒண்ணாகணும்னு வேண்டிக்கோ" என்று சொல்லுங்கள்.

ஆகையால், அழைத்தால் போங்கள். தெரிந்த பாட்டைப் பாடுங்கள், வேதவாசகத்தை வணக்கத்தோடு கேளுங்கள், காணிக்கை போடுங்கள், அசனத்தில் வயிறார உண்ணுங்கள். திருவிருந்து வேளையில் அமைதியாய் உட்கார்ந்து மன்றாடுங்கள். ஞாயிறு பூசைக் கடன் அங்கே போனதால் தீராது என்பதை மறவாதீர்கள். நம் திருநாளுக்கு அவர்களை அழையுங்கள். அவர்கள் வரும்போது, நம் நற்கருணை ஒழுங்கை முன்கூட்டியே பக்குவமாய்ச் சொல்லிவையுங்கள். கூட்டத்தின் நடுவில் வெட்கப்படுத்தாதீர்கள்.

உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிஷம் மனம் நோகும். நோகட்டும். தம் பாடுகளுக்கு முந்தின இரவில் சேசுநாதர் எதற்காகப் பிதாவை மன்றாடினாரோ, அது இன்னும் நிறைவேறவில்லை என்பதை அந்த நோவு நமக்குச் சொல்லுகிறது. மருந்து வேண்டுமானால் புண்ணை மறைக்கலாகாது.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அப்படிப்பட்ட நாளில் யார் எந்தக் கோவில் என்று கேட்டுக்கொண்டா கண்ணீர் விடுகிறோம்? துக்கத்தில் ஒன்றாய் அழத் தெரிந்த நாம், ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்திலாவது ஒன்றாய் மன்றாடக் கற்றுக்கொள்ளுவோமாக. ஒரே அசனத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரே திருப்பந்தியில் முழங்காலிடும் நாளைச் சர்வேசுரன் நமக்குத் தந்தருள்வாராக.

ஆசீருடன்,
உங்கள் பங்குக்குரு