கத்தி தந்த அடக்கம்

எடைக் குறைப்புக்காக இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துக்கொண்டவர் குறைவாகச் சாப்பிடுவதில் என்ன அறம் இருக்கிறது, இடமில்லாததால்தானே என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதியும் ஸ்லீவ் எனப்படும் இந்த அறுவைச் சிகிச்சையில் போய்விடுகிறது. முதல் மாதங்களில் பலருக்குப் பசியே தெரிவதில்லை. ஆனால் பசி வேறு, ஆசை வேறு. தெளிந்த திரவம், பிறகு மோர், மசித்த பருப்பு, குழைய வெந்த முட்டை, கடைசியில் திட உணவு என்று வாரக்கணக்கில் படியேற வேண்டும். சின்னக் கரண்டியில் ஒரு வாய், அது கூழாகும்வரை மெல்லுதல், உண்டபின் அரை மணி நேரம் தண்ணீரைத் தொடாதிருத்தல்: இவற்றை எந்தக் கத்தியும் செய்து தராது. ஐஸ்கிரீமோ அந்தச் சிறு பையில் தடையின்றி வழுக்கிப் போகும். சில ஆண்டுகளில் எடை திரும்பியவர்களும் உண்டு.

தானே ஏற்ற நோன்போடு இந்தக் கட்டுப்பாட்டை ஒப்பிடலாமா என்றால், தாராளமாக ஒப்பிடலாம். ரமலானில் ஊரே சேர்ந்து நோற்கிறது. சமணத் துறவி இருட்டியபின் உண்ணாதிருக்கச் சங்கத்தின் விதி துணை நிற்கிறது. வெளியிலிருந்து துணை வந்ததால் அந்த நோன்புகளை யாரும் குறைத்து மதிப்பதில்லை. குறளின் ‘மருந்து’ அதிகாரமும் பட்டினியைப் போற்றவில்லை. செரித்ததை அறிந்து அளவாக உண்ணத்தான் சொல்கிறது. அறுவை முடிந்தவர் ஒவ்வொரு வேளையும் செய்ய முயல்வது அதைத்தான்.