சொல்லின் நேர்ப்பொருளும் குறிப்புப் பொருளும்
(கஜேந்திரன் சரிதத்தை முன்னிட்டு ஒரு விசாரம்)

புராணம் கேட்க அமரும் இளைஞர் சிலர் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. "யானை ஸ்தோத்திரம் செய்யுமோ? ஒரு முதலை ஆயிரம் ஆண்டுகள் அதன் காலைப் பற்றியிருக்குமோ?" என்பது அவ்வினா. இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று, "கேட்காதே, நம்பு" என்னும் அதட்டல். மற்றொன்று, "யானை என்பது ஜீவன், மடு என்பது சம்சாரம், முதலை என்பது வினை, எல்லாம் உருவகமே, நடந்ததாகக் கொள்ள வேண்டா" என்னும் சமாதானம். முதல் விடை கேட்டவனை விரட்டிவிடுகிறது. இரண்டாவது விடை கற்றறிந்தார் பேச்சுப்போல் இனிக்கிறது. ஆயினும் யானையும் முதலையும் மடுவும் உருவகமாய்க் கரைந்துபோனால், மடுக்கரைக்கு ஓடிவந்த எம்பெருமான் மட்டும் எவ்வாறு எஞ்சி நிற்பான்? அடியவன் நம்பியிருப்பது அவ்வருகையையன்றோ?

ஆகவே, எச்சொல்லை நேராகக் கொள்வது, எச்சொல்லைக் குறிப்பாகக் கொள்வது என்பது இலக்கணப் புலவர்க்கு மட்டும் உரிய வாதம் அன்று. உண்மை பேசுவதும், உண்மையைச் சிதைக்காமல் கேட்பதும் சம்பந்தப்பட்ட தர்ம விசாரமே அது.

இதற்கு நம் சாஸ்திரங்கள் தெளிவான வழி வகுத்திருக்கின்றன. "கங்கையில் சேரி இருக்கிறது" என்று ஒருவன் சொல்கிறான். ஓடும் நீரின்மேல் சேரி நிற்காது. எனவே கங்கைக்கரை என்று பொருள் கொள்கிறோம். அங்ஙனமாயின் அவன் "கரையில்" என்றே சொல்லியிருக்கலாமே எனின், அப்போது கங்கையின் குளிர்ச்சியும் தூய்மையும் அச்சேரிக்கு ஏறியிரா. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த மம்மடர் தமது காவியப் பிரகாசத்தில் இதற்கு மூன்று நிபந்தனைகள் கூறுகிறார். நேர்ப்பொருளுக்குத் தடை இருக்க வேண்டும். கொள்ளும் பொருளுக்கு நேர்ப்பொருளோடு தொடர்பு இருக்க வேண்டும். உலக வழக்காவது ஒரு பயனாவது இருக்க வேண்டும். தமிழில் ஆகுபெயர் என்பதும் இவ்வினத்ததே. "ஊர் சிரித்தது" என்றவனைப் பொய்யன் என்று எவரும் சொல்வதில்லை. கேட்பவன் ஏமாறவில்லை, சொன்னவன் ஏமாற்ற எண்ணவும் இல்லை.

இவற்றுள் முதல் நிபந்தனையே உயிரானது. தடை இல்லாதவிடத்து நேர்ப்பொருளைக் கைவிடுதல் சொன்னவனுக்கு இழைக்கும் அநீதியாகும். "தத் த்வம் அஸி" என்னும் வாக்கியத்திற்கு லக்ஷணை கொள்வதை எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் மறுத்தருளியதும் இந்நெறி பற்றியே. தடை உள்ளவிடத்தோ, நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பது பக்தியாகாது. புருஷ ஸூக்தம் அப்புருஷனுக்கு ஆயிரம் தலைகள், ஆயிரம் கண்கள் என்கிறது. எண்ணிக்கையாகவே கொண்டால் தலைக்கு ஒரு கண் என்றாகும்! ஆகவே ஆயிரம் என்பது எண்ணிறந்தது என்றே அங்குப் பொருள்படும். கஜேந்திரன் போராடிய ஆயிரம் ஆண்டுகளையும் நெடுங்காலம் என்று ஒருவர் கொள்வாராயின் அவரோடு சண்டையிட வேண்டுவதில்லை.

யானை துதித்தது என்பதற்கு வருவோம். ஸ்ரீமத் பாகவதம் எட்டாம் ஸ்கந்தத்தில் இச்சரிதம் சொல்லப்படும் முறையை நோக்க வேண்டும். முதலில் திரிகூட மலையும், மரங்களும், தாமரை மலர்ந்த தடாகமும் விரிவாக வருணிக்கப்படுகின்றன. கதை எப்போது தொடங்கும் என்று கேட்போன் சலித்துக்கொள்ளக்கூடும். ஆனால் அவ்வளவு இனிய இடத்தில், தாகம் தீரக் குடித்துப் பிடிகளோடும் கன்றுகளோடும் விளையாடும் வேளையில் பற்றப்பட்டது என்பதே அத்துன்பத்தின் ஆழம். அடுத்து முடிச்சு: நீர் முதலைக்குச் சொந்த இடம், நாளாக ஆக யானைக்கு வலி குன்றுகிறது, முதலைக்கு வலி மிகுகிறது. கூட்டம் இழுத்துப் பார்க்கிறது, பயனில்லை. தன் பலமும் சுற்றத்தின் பலமும் தீர்ந்த பின்னரே முற்பிறவியில் கற்ற ஜபம் நெஞ்சில் எழுகிறது. அது என்ன முற்பிறவி? அதைக் கதை உடனே சொல்வதில்லை. மோட்சம் கிட்டிய பின்புதான், அகத்தியரால் சபிக்கப்பட்ட பாண்டிய மன்னன் இந்திரத்யும்னனே அவ்யானை, தேவலரால் சபிக்கப்பட்ட ஹூஹூ என்னும் கந்தர்வனே அம்முதலை என்று தெரிவிக்கிறது. யானைக்கு ஸ்தோத்திரம் எப்படி வந்தது என்ற தடையைக் கதை தானே நீக்கிவிட்டது. தடை நீங்கியபின் உருவகத்துக்கு ஓடுவானேன்? உபந்நியாசத்தில் சிலர் இவ்வைப்பு முறையைக் குலைத்துச் சாபக் கதையை முதலிலேயே சொல்லி, இடையில் நகைச்சுவையும் சேர்த்துவிடுகின்றனர். சபை சிரிக்கிறது, யானையின் ஓலம் செவியில் விழுவதில்லை.

அப்படியாயின் ஜீவன், சம்சாரம் என்னும் உட்பொருள் தவறோ எனின், அன்று. அது நேர்ப்பொருளின்மேல் நிற்பது. அதை அழித்து எழுவதன்று. ஆழ்வார்கள் நாயகி நிலையில் பாடிய பாசுரங்களுக்கு நம் பூர்வாசாரியர்கள் ஸ்வாபதேசம் அருளிச்செய்த முறையும் இதுவே. தோழி எம்பெருமானோடு உள்ள உறவை உணர்ந்த நிலை, தாய் உபாயத்தில் துணிந்த நிலை, மகள் அவனை அடையப் பதறும் நிலை என்று ஆசார்ய ஹ்ருதயம் காட்டுகிறது. அதனால் பராங்குச நாயகியின் கண்ணீர் வறண்டுவிடவில்லை.

கடினமான இடம் ஒன்று உண்டு. எங்கும் நிறைந்தவன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரைந்து வந்தான் என்பது எவ்வாறு பொருந்தும்? இங்கே தடை உள்ளதன்றோ? இதைப் பிற்காலத்தார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம்மாழ்வாரே திருவாய்மொழி மூன்றாம் பத்தில் இதை எழுப்புகிறார். மழுங்காத ஞானமாகிய சங்கல்பமே படையாக இருக்க, கருடன்மீது ஏறி வந்து தோன்றியது எதற்கு? இருந்த இடத்திலிருந்தே நினைவால் காத்திருந்தால் அவனுடைய சோதி குறைந்துபோகும் என்பது ஆழ்வார் திருவுள்ளம். வல்லமைக்கு வருகை வேண்டுவதில்லை, அன்புக்கு வேண்டும். பராசர பட்டரோ ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில் அவ்விரைவுக்கே நமஸ்காரம் செய்கிறார். உருவகம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை எவரேனும் வணங்குவரோ? யானையின் கவலையும் உயிரைப் பற்றியதன்று, துதிக்கையில் ஏந்திய தாமரை திருவடி சேருமுன் வாடுமே என்பதுதான் என்று பெரியோர் பணிப்பர்.

திருவரங்கத்தில் சித்ரா பௌர்ணமியன்று காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் இச்சரிதம் உற்சவமாக நடைபெறுகிறது. காஞ்சியில் ஆடிப் பௌர்ணமியன்று கருட சேவை. அங்குச் சேவிக்கும் அன்பர்கள் பாகவதம் சொல்லும் ஒரு சிறு செய்தியை நினைவில் கொள்ளலாம். யானை வருந்துவதைக் கண்ட கணமே எம்பெருமான் கருடனைவிட்டுக் கீழே குதித்தான். புள்ளரசன் வேகமும் அவனுக்குப் போதவில்லை போலும். பின்னர் யானையை மட்டும் பிரித்தெடுக்க நேரம் செலவிடாமல், பற்றிய முதலையோடு சேர்த்தே கரைக்கு இழுத்துக்கொண்டான்.