யாருடைய முகம்?

என் சிறுகதைத் தொகுதியை வெளியிட முன்வந்த பதிப்பாளர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். பின்னட்டைக்கு என் புகைப்படம் வேண்டும் என்றார். இருக்கிற படத்தையே போட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"அந்தப் படத்தில் உங்களுக்கு வயது நாற்பது. போன கூட்டத்தில் ஒரு வாசகர் உங்களிடமே வந்து, எழுத்தாளர் வந்துவிட்டாரா என்று கேட்டாரே, மறந்துவிட்டீர்களா?" என்றார்.

மறக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அந்த வாசகர் நின்ற இடத்திலேயே கூசிப்போனார். உண்மையில் கூச வேண்டியவன் நான். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரே படத்தைக் கொடுத்து அவரை ஏமாற்றியவன் நானல்லவா?

ஆகவே, முகத்தை மட்டும் முறையாகப் படம் எடுக்கிற ஒருவரிடம் நாள் குறித்தேன். இளைஞர், என் மகன் வயதுகூட இராது. வைத்தியர் பத்தியம் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். முடி வெட்டிக்கொள்வதானால் ஒரு வாரம் முன்பே வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் வெட்டினால் காதோரம் வெளுத்துத் தெரியும். சவரம் அன்று காலையில். சட்டை ஒரே நிறமாக இருக்கட்டும். நெருக்கமான கோடுகளும் சின்னக் கட்டங்களும் காமிராவில் அலையலையாக நெளியும். எப்போதும் போடுகிற மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்; அதில் வெளிச்சம் பளிச்சிடாமல் தாம் பார்த்துக்கொள்வார். "எல்லாவற்றையும்விட, முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள், சார்" என்று முடித்தார்.

அவர் சொன்ன அனைத்தையும் செய்தேன். சொல்லாத ஒன்றையும் செய்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன் நின்று முகபாவம் பழகினேன். புருவத்தைச் சற்றே நெரித்தேன். மோவாயில் விரலை ஊன்றினேன். மானிட குலத்தின் துயரம் முழுவதையும் ஜன்னலுக்கு வெளியே காண்பவனைப்போல் பார்வையைத் தொலைவில் நிறுத்தினேன். காப்பியோடு உள்ளே வந்த என் மனைவி, "என்னங்க, மறுபடியும் பல் வலியா?" என்று கேட்டாள்.

இருவரும் சிரித்தோம். ஆனால் அவள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. நான் செய்துகொண்டிருப்பது என்ன? விருந்துக்குப் போகிறவன் குளித்துச் சலவை வேட்டி கட்டிக்கொள்கிறானே, அதுவா? அல்லது நான் அல்லாத ஒருவனாக வேஷம் கட்டிக்கொள்வதா? முன்னது மரியாதை, பின்னது பொய். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஏறக்குறையப் புகைப்படத்தின் வயது ஆகிறது. 1839இல் பிரான்சில் டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓவியனின் கை பொய் சொல்லலாம். ஒளியே வரைகிற படம் எப்படிப் பொய் சொல்லும்? ஆனால் ஒளிக்கும் மனிதன் உதவி செய்தான். நெடுநேரம் அசையாமல் இருப்பதற்காக, உட்கார்ந்தவரின் தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வியை வைத்தான். பிறகு, நெகடிவின் மேல் கூரிய பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சுருக்கங்களை மறைக்கிற வித்தையையும் கற்றுக்கொண்டான்.

1860 பிப்ரவரியில் நியூயார்க்கில் சொற்பொழிவாற்றப் போன ஆபிரகாம் லிங்கன், மாத்யூ பிராடி என்பவரிடம் படம் எடுத்துக்கொண்டார். லிங்கனுக்குக் கழுத்து நீளம். பிராடி அவருடைய காலரை மேலே இழுத்துவிட்டுக் கழுத்தைக் குட்டையாக்கினார். முகத்தின் கடுமையான கோடுகளையும் பின்னர் மெருகேற்றி மென்மையாக்கினார். தேர்தல் சமயத்தில் அந்தப் படம் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில், கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி, முகம் மெலிந்திருப்பதால் தாடி வளர்த்துக்கொள்ளும்படி அவருக்குக் கடிதம் எழுதினாள். லிங்கனும் வளர்த்துக்கொண்டார்.

காலரை இழுத்ததும் தாடி வளர்த்ததும் எனக்குக் குற்றமாகப் படவில்லை. அதனால் யாரும் எதையும் இழக்கவில்லை. கோடுகளை அழித்ததில் மட்டும் மனம் கொஞ்சம் உறுத்துகிறது. 'இழக்கவில்லை' என்ற சொல்லை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். அதற்குக் காரணம், எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு படம்.

என் தாயார் 1979இல் காலமானார். அவர் ஒரு நாளும் தமக்கென்று படம் எடுத்துக்கொண்டவர் அல்லர். இருந்தது ஒன்றே ஒன்று: அக்கா கல்யாணத்தில் எடுத்த கும்பல் படம். அதில் அம்மா ஓரத்தில் நின்றுகொண்டு, யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு தெத்துப்பல். அதற்கு வெட்கப்பட்டுச் சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். அன்று ஏனோ மூட மறந்திருந்தார்.

காரியம் முடிவதற்குள் படம் வேண்டும் என்று பெரியப்பா அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னார். ஸ்டூடியோக்காரர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். செத்தவர் சிரித்துக்கொண்டிருக்கலாமா என்று நினைத்திருப்பார். தூரிகையை எடுத்து உதடுகளை மூடினார். பல்லை மறைத்தார். மூக்கை எடுப்பாக்கினார். கசங்கிய நூல் சேலைக்குப் பட்டுக்கரை வைத்தார். சட்டமிட்டு வந்த படத்தைப் பார்த்த உறவினர் அனைவரும், "லட்சுமிகரமாக இருக்கிறது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் மாலை வாங்கிப் போட்டேன். அசல் படத்தைப் பழைய பெட்டியில் கரையான் தின்றுவிட்டது.

அந்த இழப்பு எனக்குப் பல வருஷங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு தீபாவளியன்று பேச்சுவாக்கில் அக்கா, "அம்மாவுக்கு இடது பக்கம் ஒரு தெத்துப்பல் உண்டே" என்றாள். "வலது பக்கம்" என்றேன் நான். இருவரும் விளையாட்டாகத் தொடங்கி, பிறகு பிடிவாதமாக, கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நிறுத்திக்கொண்டோம். பெற்ற தாயின் முகம்! கண்ணை மூடினால் எனக்கு வருவது சுவரில் இருக்கிற அம்மாள்தான். அந்த அம்மாள் என்னைப் பெறவில்லை.

கற்பனையில் வரைந்த படமெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வள்ளுவர் எப்படி இருந்தார் என்று எவருக்கும் தெரியாது. வேணுகோபால் சர்மா வரைந்து, 1964இல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்ட உருவத்தைத்தான் இன்று வள்ளுவராகக் காண்கிறோம். அதில் வஞ்சனை இல்லை. அந்த ஓவியம் எந்த முகத்தையும் அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரவில்லை. எங்கள் வீட்டுப் படம் உட்கார்ந்தது.

இந்த நினைவோடுதான் நான் ஸ்டூடியோவுக்குப் போனேன். சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் ஒரு முக்காலி. பக்கத்தில் வெள்ளைக் குடையில் விளக்கு. அந்த இளைஞர் ஆறு அடி தள்ளி நின்றார். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். கிட்டே வந்தால் மூக்கு பெரிதாகிவிடும் என்றார். அது வெறும் பேச்சல்ல. ஒரு அடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடித் தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. கையை நீட்டிச் செல்போனில் தம்மைத் தாமே எடுத்துக்கொண்டு மனம் ஒடிந்துபோகிறவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். யாரும் கை வைக்காத படமும் உண்மையைச் சொல்லிவிடுவதில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் பழகி வைத்திருந்தபடி விரலை மோவாயில் ஊன்றினேன். "கையை எடுத்துவிடுங்கள், சார். மோவாயைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து தாழ்த்துங்கள். என்னைப் பாருங்கள்" என்றார். ஒரு வாரத்து உழைப்பு ஒரு நொடியில் போயிற்று.

படங்களைத் திரையில் காட்டினார். "எதையாவது எடுத்துவிட வேண்டுமா?" என்று அவர் கேட்கும் முன்பே நான் முந்திக்கொண்டு, "ஒன்றையும் தொடாதீர்கள், தம்பி. சுருக்கம், தழும்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. அதில் இருந்தது உண்மையின் மேல் உள்ள பற்றுதானா? இல்லை. சுருக்கம் இருந்தால் ஞானிபோல் தெரிவேன் என்ற ஆசையும் இருந்தது. இளமையைக் காட்ட விரும்புகிறவன் ஒரு வேஷக்காரன் என்றால், உண்மையைக் காட்டுவதாகக் காட்டிக்கொள்கிறவன் அவனைவிடத் தேர்ந்த வேஷக்காரன்.

அந்த இளைஞருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. என் கன்னத்தில் காலைச் சவரத்தில் பட்ட கீறலைச் சுட்டிக்காட்டி, "இது இரண்டு நாளில் ஆறிவிடும், சார். இதை எடுத்துவிடுகிறேன். நெற்றித் தழும்பை எடுக்க மாட்டேன். நாளைக்கு உங்களை நேரில் பார்க்கிறவர்கள் தேடுகிறதை எடுக்கக்கூடாது" என்றார்.

தேடுகிறதை எடுக்கக்கூடாது! நான் தேடிய கோடு அதுதான். முகத்தைப் பற்றி நான் அதுவரை கேட்டுக்கொண்ட கேள்வியே தவறு. என் முகத்தை நான் எப்படிக் காட்டலாம் என்று யோசித்தேன். அது என் சொத்து என்ற நினைப்பு. ஆனால் என் முகத்தை நான் ஒருபோதும் பார்த்ததில்லை. கண்ணாடியில் காண்பது இடவலம் மாறிய ஒன்று. 1977இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரின் படத்தை நேராக ஒன்றும், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒன்றும் அச்சிட்டுக் காட்டினார்கள். படத்துக்கு உரியவர்களில் பெரும்பாலோர் திருப்பிய படத்தை விரும்பினார்கள்; அவர்களுடைய நண்பர்களோ நேர்ப்படத்தை விரும்பினார்கள். அவரவர் பழகிய முகம் அவரவருக்கு. வாழ்நாள் முழுதும் என் உண்மை முகத்தோடு பழகியவர்கள் மற்றவர்களே. நான் அதைச் சுமக்கிறவன் மட்டும்.

அப்படியானால் குளித்துத் தலைவாரிக்கொள்வது அவர்களுக்குச் செய்கிற மரியாதை. அவர்கள் என்னை அடையாளம் காண்கிற ஒன்றை அழிப்பது அவர்கள் பொருளைத் திருடுவது. ஸ்டூடியோக்காரர் அம்மாவிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எங்களிடமிருந்து எடுத்தார். நாங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்னோம்.

எந்தப் படத்தை அனுப்புவது என்பதை மனைவியிடம் விட்டுவிட்டேன். கம்பீரமாக இருந்தவற்றை எல்லாம் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்தாள். அதில் நான் எதையோ கேட்க வாயெடுத்தவனைப்போல் இருக்கிறேன். "காப்பி கேட்கிற முகம். இதுதான் நீங்கள்" என்றாள். எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. அதையே அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை, கூடத்துப் படத்துக்கு விளக்கேற்றும்போது பேத்தி பக்கத்தில் நின்றாள். "உன் கொள்ளுப்பாட்டி இப்படி உம்மென்று இருக்கமாட்டாள். எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு தெத்துப்பல் உண்டு" என்று சொன்னேன்.

"எந்தப் பக்கம், தாத்தா?" என்று கேட்டாள்.